வீட்டில் கஞ்சா நெய்: ஒன்ராறியோவில் முதன்முறை சமைக்கப் போகிறவர்களுக்கு

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தோருக்குக் கஞ்சா சட்டபூர்வமானது. அதை வீட்டுச் சமையலில் சேர்ப்பதும் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் தேவையான தகவல் ஓரிடத்தில் கிடைக்காது. சட்டம் மத்திய அரசின் பக்கத்தில் இருக்கிறது, வயது வரம்பும் கடையும் மாகாணத்தின் பக்கத்தில், அளவுக் கணக்கு போத்தலின் பின்புறத்தில் பொடி எழுத்தில். குடியேறியவர்களுக்கு மட்டும் உள்ள ஆபத்துகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இவற்றையெல்லாம் தேடிச் சேர்ப்பதற்குள் நான் பட்ட அலைச்சல் அடுத்தவருக்கு வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது அனைத்தும் ஒன்ராறியோவுக்கானது. கியூபெக்கில் வயது வரம்பு 21, வீட்டில் செடி வளர்க்கவும் தடை. அல்பேர்ட்டாவில் வயது 18. வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் தங்கள் மாகாண விதியைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து படிப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி பயன்படாது.

முதலிலேயே ஒரு கொள்கையைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் எல்லாப் படிகளும் அதிலிருந்துதான் வருகின்றன: பானையில் கலக்காதீர்கள், தட்டில் கலந்துகொள்ளுங்கள். பருப்புச் சோறோ, மாக்கரோனியோ, சூப்போ, மனதுக்கு இதமான சாப்பாடு எதுவும் ஒரு கரண்டியோடு நிற்பதில்லை. பானை முழுவதும் மருந்து கலந்திருந்தால் இரண்டாவது கரண்டி இரண்டாவது அளவாகிவிடும். உணவைச் சாதாரணமாகச் சமைத்து, உங்கள் தட்டில் மட்டும் அளந்த நெய்யை ஊற்றிக்கொண்டால், எத்தனை முறை வேண்டுமானாலும் மறுசோறு போட்டுக்கொள்ளலாம். வீட்டில் மற்றவர்களும் அதே பானையிலிருந்து அச்சமின்றிச் சாப்பிடலாம்.

1. முதலில் உங்கள் உடலைக் கேளுங்கள்

கர்ப்பமாக இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், தமக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ மனச்சிதைவு போன்ற நோய் இருந்தவர்கள், இதய நோயாளிகள் ஆகியோர் இந்தப் பக்கமே வர வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் மருந்தாளரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. கஞ்சாவில் உள்ள பொருட்கள் சில மருந்துகள் கல்லீரலில் உடையும் வேகத்தை மாற்றிவிடும். பக்கத்து மருந்தகத்தில் கேட்க முன்பதிவும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கூச்சப்படாதீர்கள், இங்குள்ள மருந்தாளர்களுக்கு இது அன்றாடக் கேள்வி.

2. குடியேறியவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய சட்டம்

ஒன்ராறியோவில் வயது 19 நிரம்பியிருக்க வேண்டும். பொது இடத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு 30 கிராம் உலர்ந்த கஞ்சா. சமைத்த உணவுக்கு இதிலேயே ஒரு கணக்கு உண்டு: 15 கிராம் உணவு ஒரு கிராம் உலர்ந்த கஞ்சாவுக்குச் சமம். அதாவது 450 கிராமுக்கு மேல் கஞ்சா கலந்த உணவோடு வெளியே போனால் வரம்பை மீறுகிறீர்கள். உள்ளே இருக்கும் மருந்து துளியாக இருந்தாலும் எடை உணவின் எடைதான். ஒரு தட்டு பிரவுனியைச் சுமந்துகொண்டு நண்பர் வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. தட்டில் கலக்கும் முறையில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

பியூட்டேன், புரொப்பேன் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களைக் கொண்டு வீட்டில் சாறு எடுப்பது குற்றம். வீடு வெடித்துச் சிதறிய சம்பவங்களும் உண்டு. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றுக்குத் தடை இல்லை.

சமைத்ததை ஒரு டொலருக்குக்கூட விற்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுத்தால் 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது. தெரியாமல் ஒருவருக்குக் கொடுப்பது, ‘சும்மா பார்க்கலாம்’ என்று விருந்தாளியின் தட்டில் கலப்பது, இரண்டும் விளையாட்டு அல்ல. அது அவர் உடல்மீது நீங்கள் செய்யும் வன்முறை, சட்டப்படி குற்றமும்கூட.

இனி, நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று. போதையில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கான உச்ச தண்டனை 2018 டிசம்பர் 18 முதல் பத்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அதனால் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது ‘கடுமையான குற்றம்’ என்ற வகைக்குள் போய்விட்டது. கனடியக் குடிமகனுக்கு அபராதத்தோடு முடியக்கூடிய ஒரு வழக்கு, நிரந்தர வதிவிட உரிமையில் இருப்பவருக்கும் மாணவர் அல்லது வேலை அனுமதியில் இருப்பவருக்கும் நாட்டில் தங்கும் உரிமையையே பறிக்கலாம். இன்னொன்று: ஜி1, ஜி2 உரிமத்தில் இருப்பவர்களுக்கு ஒன்ராறியோவில் கஞ்சா அளவு பூச்சியமாக இருக்க வேண்டும். உங்களுக்கு ஊரில் இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டிய அனுபவம் இருக்கலாம். இங்கே கையில் இருப்பது ஜி2 என்றால் நீங்கள் புதிய ஓட்டுநர்தான்.

3. கடைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

அரசு வழங்கிய, படமும் பிறந்த தேதியும் உள்ள அடையாள அட்டை ஒன்று. ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, நிரந்தர வதிவாளர் அட்டை, ஒன்ராறியோ புகைப்பட அட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். மாணவர்கள் தங்கள் நாட்டுக் கடவுச்சீட்டை எடுத்துச் செல்லலாம். சுகாதார அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வயதுச் சான்றாக அதை ஏற்க மாட்டார்கள். காலாவதியான அட்டையும் செல்லாது.

கடையின் வாசலில் மாகாண அனுமதி பெற்ற விற்பனையாளர் என்ற சின்னம் ஒட்டியிருக்க வேண்டும். இணையத்தில் வாங்குவதானால் மாகாண அரசின் ஒன்ராறியோ கனாபிஸ் ஸ்டோர் தளத்தில் வாங்கலாம். பொதி வரும்போது வீட்டில் 19 வயது நிரம்பியவர் அட்டையோடு நிற்க வேண்டும். வாசலில் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். வேலை நாளில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் கடைக்கு நேரில் போவது சுலபம்.

சட்டபூர்வமான பொதியில் மாகாணத்தின் பெயர் உள்ள வரி முத்திரையும், இலைப் படம் போட்ட சிவப்புச் சின்னமும் இருக்கும். கள்ளச் சரக்கைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: சட்டப்படி விற்கும் உணவுப் பண்டத்தில் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு (கஞ்சாவில் போதை தரும் பொருள்) மேல் இருக்கவே முடியாது. ‘500 மில்லிகிராம்’ என்று அச்சிட்ட மிட்டாய்ப் பையை யாராவது நீட்டினால் அது கள்ளச் சந்தைச் சரக்கு. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

4. பூவா, எண்ணெயா?

கடையில் உங்களுக்கு உதவும் பொருட்கள் இரண்டு. ஒன்று உலர்ந்த பூ. மற்றது அளவு குறிக்கப்பட்ட எண்ணெய்ப் போத்தல். முதன்முறை சமைப்பவர் எண்ணெயையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூவில் ஒரு மொட்டுக்கும் இன்னொரு மொட்டுக்கும் வீரியம் மாறும். நம் ஓவனின் சூடு மாறும். வடிகட்டும் கை மாறும். எண்ணெயில் இவற்றை எல்லாம் ஆலையிலேயே முடித்து, ஆய்வகத்தில் அளந்து அனுப்புகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, 30 மில்லிலிட்டர் போத்தலில் மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் டிஎச்சி என்று போட்டிருந்தால், 0.1 மில்லிலிட்டரில் 2.5 மில்லிகிராம் இருக்கிறது. தொடங்குபவருக்கு கனடா சுகாதாரத் துறை சொல்லும் அளவு 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோதான். போத்தலோடு வரும் ஊசியில்லாச் சிரிஞ்சில் அளந்து, சூடான சோற்றில் விட்டுப் பிசைந்தால் வேலை முடிந்தது. சில போத்தல்களில் மில்லிலிட்டருக்குப் பதிலாகக் கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அதைக் கவனியுங்கள். பயன்படுத்தும் முன் போத்தலைக் குலுக்குங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும். போத்தல் சுமார் 25 முதல் 50 டொலர் வரை இருக்கும். 2.5 மில்லிகிராம் வீதம் மேலே சொன்ன போத்தல் முந்நூறு வேளைக்கு வரும். ஒரு வேளைக்குச் சில காசுகள்தான். பூ ஒரு கிராம் ஐந்து முதல் பத்து டொலருக்குள் கிடைக்கும்.

எண்ணெய் வாங்குகிறவர்கள் இங்கிருந்து நேரே எட்டாம் படிக்குப் போய்விடலாம். நெய்யைத் தாமே இறக்க விரும்புகிறவர்களுக்கு அடுத்த மூன்று படிகள். நெய்யின் மணத்தோடு சேரும்போது கஞ்சாவின் பச்சைக் கசப்பு அடங்கிவிடும் என்பதால் அந்த ஆசையை நான் மறுக்கவில்லை.

5. லேபிளில் எந்த எண்ணைப் பார்ப்பது?

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். பூப் பொதிகளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ‘டிஎச்சி’, மற்றது ‘டோட்டல் டிஎச்சி’. முதலாவது கிராமுக்கு 6 மில்லிகிராம் என்றும் இரண்டாவது 180 மில்லிகிராம் என்றும் இருக்கலாம். பச்சைப் பூவில் டிஎச்சி மிகக் குறைவு. அதன் முன்னோடியான அமிலம்தான் நிறைய. சூடுபட்டதும் அந்த அமிலம் கரியமில வாயுவை இழந்து டிஎச்சி ஆகிறது. சமைக்கிறவர் சூடாக்கப் போகிறார். ஆகவே அவருக்கு உரிய எண் இரண்டாவதுதான். சிறிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டவர் நினைத்ததைவிட முப்பது மடங்கு உண்டுவிடுவார்.

சதவீதமாக மட்டும் போட்டிருந்தால் பத்தால் பெருக்குங்கள்: 18 சதவீதம் என்றால் கிராமுக்கு 180 மில்லிகிராம். வீரியம் கூடிய பூவைத் தேட வேண்டாம். சமையலுக்கு அது எந்த நன்மையும் தராது, கணக்கில் சறுக்கினால் விழும் ஆழத்தை மட்டும் கூட்டும்.

6. பூவைச் சூடாக்குதல்

வேண்டியவை: 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டி, வடிதுணி, பூட்டுள்ள பெட்டி. எல்லாம் சேர்த்து அறுபது எழுபது டொலருக்குள் அடங்கும். வெப்பமானியைத் தவிர்க்காதீர்கள். வாடகை வீடுகளின் பழைய ஓவன்கள் காட்டும் எண் ஒன்று, உள்ளே இருக்கும் சூடு ஒன்று.

ஓவனை 115 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவந்து நிலைக்க விடுங்கள். பாரன்ஹீட் காட்டும் ஓவனில் இது 240. ஒரு கிராம் பூவைக் கையால் உதிர்த்து, பேக்கிங் தாள் விரித்த தட்டில் பரப்பி, மேலே அலுமினியத் தாளால் மூடி, 40 நிமிடம் வையுங்கள். பச்சை நிறம் மங்கி இளம்பழுப்பு வந்து, தொட்டால் நொறுங்கும் பதம் சரி. கருகினால் வீரியம் போய்விட்டது என்று பொருள். மாவாக அரைக்காதீர்கள். அரைத்த தூள் வடிதுணியைத் தாண்டி நெய்யில் இறங்கிக் கசக்கும். மைக்ரோவேவ் வேண்டாம். சூடுகம்பி நெருங்கி நிற்கும் சிறிய டோஸ்டர் ஓவனும் வேண்டாம்.

வாசனை கடுமையாக வரும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சன்னலைத் திறந்து, அடுப்பின் மேல் விசிறியைப் போட்டு, நடைக்கூடம் பக்கத்துக் கதவின் அடியில் துணியை வையுங்கள். பல வாடகை ஒப்பந்தங்களில் கஞ்சா புகைக்கவும் வளர்க்கவும் தடை இருக்கும். கையெழுத்திட்ட தாளை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு ஓவனைப் போடுங்கள்.

7. நெய்யில் இறக்குதல், கணக்குப் போடுதல்

வெண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரும் பால்திடப்பொருளும் உண்டு. அவை அடியில் தங்கி அளவைக் குழப்பும். நெய்யில் அந்தத் தொல்லை இல்லை. கடையில் வாங்கிய நல்ல பசுநெய் 180 கிராமை எடை போட்டுக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். சூடாக்கிய ஒரு கிராம் பூவை அதில் போடுங்கள். ஒரு பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, புட்டியை அதில் நிறுத்தி, நெய்யின் மட்டம் வரை நீர் ஊற்றுங்கள். மூடியை இறுக்காமல் தளர்வாக வையுங்கள். நீர் கொதிக்காமல், சிறு குமிழிகள் மட்டும் எழும்படி 85 முதல் 95 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம் வையுங்கள். அவ்வப்போது கிளறி, நீர் குறைந்தால் வெந்நீர் சேருங்கள். அடுப்பை விட்டு அகலாதீர்கள்.

சற்று ஆறியதும் வடிதுணியில் வடியுங்கள். தானாக வடியட்டும், பிழிந்தால் கசப்பும் பச்சை நிறமும் சேர்ந்து வரும். சக்கையில் இன்னமும் வீரியம் இருக்கிறது. அதைக் காப்பித்தூள் சக்கையோடு கலந்து பையில் கட்டி, நாய்களும் அணில்களும் எட்டாத குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

கணக்கு எளிது. ஒரு கிராம் பூவில் 180 மில்லிகிராம். அதை 180 கிராம் நெய்யால் வகுத்தால் ஒரு கிராம் நெய்க்கு 1 மில்லிகிராம். உண்மையில் ஓவனிலும் புட்டியிலும் கொஞ்சம் இழப்பு இருக்கும், அதனால் நெய்யின் வீரியம் இந்த எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கணக்கில் அந்த இழப்பைக் கழிக்காதீர்கள். முழுதும் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிழை வந்தாலும் பாதுகாப்பான பக்கத்தில் வரும். உங்கள் பூவின் எண் 220 என்றால் நெய்யை 220 கிராமாக எடுங்கள். ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் என்ற விகிதம் மனத்தில் நிற்கும், தவறு நேராது.

3.5 கிராம் பொதி முழுவதையும் ஒரே நெய்யில் கொட்டி விடுவது பரவலான வழக்கம். அப்படிச் செய்தால் 180 கிராம் நெய்யில் 630 மில்லிகிராம் சேரும். ஒரு தேக்கரண்டியில் கிட்டத்தட்ட 16. தொடங்குபவருக்கு உரியதைப்போல் ஆறு மடங்கு. அவ்வளவு வீரியமான நெய்யைச் சமையலறைக் கரண்டியால் அளக்கவே முடியாது.

நெய் உறையும் முன் நன்றாகக் கலக்கி, தராசில் வைத்து 2.5 கிராம் வீதம் சிறிய சிலிக்கான் அச்சுகளில் ஊற்றி உறையவையுங்கள். ஒரு துண்டு ஒரு வேளை. புட்டியில் வைப்பதானால் ஒவ்வொரு முறையும் உருக்கிக் கலக்கிய பிறகே அளக்க வேண்டும்.

8. எந்தச் சாப்பாடு, எப்போது சேர்ப்பது

நம் சாப்பாட்டில் நெய்யைக் கடைசியில் தட்டில்தான் ஊற்றுகிறோம். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் இல்லை. குழைய வேகவைத்த பருப்புச் சோறு, வெண்பொங்கல், குழம்பு விட்ட புட்டு எல்லாம் நெய்யை நன்றாக உள்வாங்கிக்கொள்ளும். முதலில் அரைக் கப் அளவு சோற்றை மட்டும் தட்டின் நடுவில் எடுத்து, நெய்த் துண்டைப் போட்டு, முழுதும் உருகிப் பரவும்வரை பிசைந்து, அதை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு சாதாரணச் சோற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தட்டு நிறையப் போட்டுக் கலந்தால், பாதியில் எழுந்துவிட்டால் எவ்வளவு உண்டோம் என்று தெரியாது.

கனடாவின் குளிர்காலச் சாப்பாடுகளில் மசித்த உருளைக்கிழங்கும் மாக்கரோனி சீஸும் இதற்கு ஏற்றவை. மாக்கரோனிக்கு: ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவை வறுத்து, ஒரு கப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கெட்டியாக்கி, அடுப்பை அணைத்து, துருவிய செடார் சீஸ் ஒரு கப், சிறிது கடுகுப் பொடி, மிளகு சேர்த்து, வெந்த மாக்கரோனியை அதில் புரட்டுங்கள். உங்கள் பங்கைக் கிண்ணத்தில் எடுத்த பிறகு நெய்த் துண்டைச் சேர்த்துக் கலக்குங்கள். கடையில் வாங்கும் கிராஃப்ட் டின்னர் பெட்டிக்கும் இதே முறைதான்.

ரசமும் தெளிந்த சூப்பும் வேண்டாம். நெய் மேலே மிதந்து முதல் மடக்கிலேயே முழுதும் போய்விடும், அல்லது கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகாது. கொத்துரொட்டி, தோசை, பொரியல் எதற்கும் தாளிக்க இந்த நெய்யைப் பயன்படுத்தாதீர்கள். கல்லின் சூடு 160 டிகிரியைத் தாண்டும்போது டிஎச்சி ஆவியாகியும் சிதைந்தும் போகும். எவ்வளவு மிஞ்சியது என்று சொல்ல யாராலும் முடியாது.

பிரவுனி, குக்கி, லட்டு ஆகியவற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. குழந்தையின் கண்ணுக்கு அவற்றுக்கும் சாதாரண இனிப்புக்கும் வேறுபாடு கிடையாது.

9. உண்ணும் நாளின் நேரக் கணக்கு

மறுநாள் வேலையோ வண்டி ஓட்டும் தேவையோ இல்லாத இரவைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளி இரவைவிடச் சனி மாலை நல்லது. வாரக் களைப்பு தணிந்திருக்கும். முதல் தடவை தனியாக இருக்காதீர்கள். விஷயம் தெரிந்த, அன்று எதையும் எடுத்துக்கொள்ளாத ஒருவர் வீட்டில் இருக்கட்டும். மதுவைத் தொடாதீர்கள்.

புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும் விளைவு, உணவில் 30 நிமிடம் முதல் இரண்டு மணி நேரம் வரை எடுக்கும். வயிற்றிலிருந்து கல்லீரலுக்குப் போய், அங்கே இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாறி மூளைக்குச் செல்கிறது. உச்சம் நான்கு மணி நேரத்திலும் வரலாம். முழு விளைவு 12 மணி நேரம் வரையும், மந்தம் 24 மணி நேரம் வரையும் இருக்கலாம். மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டால் தூக்கத்துக்கு முன் உச்சத்தைக் கடந்துவிடலாம். இரவு பத்துக்குச் சாப்பிட்டால் நள்ளிரவில் திடுக்கிட்டு விழிப்பீர்கள்.

ஒரு மணி நேரம் போயும் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொரு துண்டு எடுப்பதுதான் பலரைப் படுக்கையில் தள்ளுகிறது. அன்று ஒன்றுதான். போதவில்லை என்றால் வேறொரு நாளில் 2.5-லிருந்து 4-க்குப் போங்கள், அதுவும் குறிப்பேட்டில் தேதி, அளவு, நேரம், உணர்வு எல்லாம் எழுதிய பிறகு. அடுத்த 24 மணி நேரத்துக்குச் சாவியைத் தொடாதீர்கள். வேலையில் கனரக இயந்திரம் ஓட்டுபவர்கள், போதைப் பரிசோதனை உள்ள இடத்தில் பணிபுரிபவர்கள் தொடங்கும் முன்பே நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள். சட்டபூர்வம் என்பது அந்த விதியை மாற்றாது.

10. வைக்கும் இடம்

பூட்டில்லாமல் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். கூடாது. குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே வைக்கத்தக்க சிறிய பூட்டுப் பெட்டி இருபது, முப்பது டொலருக்குக் கிடைக்கும். புட்டியின் மேல் ‘கஞ்சா நெய், கிராமுக்கு 1 மில்லிகிராம்’ என்று தேதியோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்திருக்கும் அம்மா, மாமியார் நல்லெண்ணத்தோடு அந்த நெய்யை எடுத்துக் குழந்தையின் சோற்றில் விட்டுவிடக்கூடும். ஆகவே பெரியவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். சங்கடமான பேச்சுதான், ஆனால் சொல்லாமல் விடுவது பேராபத்து.

செடிப்பொருள் ஊறிய கொழுப்பை அறைச்சூட்டில் வைக்கக் கூடாது. காற்றில்லாத எண்ணெயில், பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். வாசனையோ நிறமோ மாறாது. ஓவனின் 115 டிகிரி உலர் சூட்டில் அதன் வித்துகள் சாவதில்லை. குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம், அதற்கு மேல் உறைபெட்டி. நம் வீடுகளில் நெய்யை அலமாரியில் வைக்கும் வழக்கம் இதற்குப் பொருந்தாது.

11. மருத்துவ வழியில் போவதானால்

நாள்பட்ட வலிக்கோ தூக்கமின்மைக்கோ என்று தொடங்குகிறவர்கள் மருத்துவரிடமோ தகுதி பெற்ற செவிலியரிடமோ மருத்துவ ஆவணம் பெறலாம். அது அதிகபட்சம் ஓராண்டு செல்லும். அதை மத்திய அரசின் அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் பதிவு செய்தால் பொருள் தபாலில் வரும். சந்திப்பு, ஆவணம், பதிவு என்று சில வாரங்கள் பிடிக்கலாம், அவசரத்துக்கு உதவாது. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி கஞ்சாவுக்குப் பணம் தராது. ஆனால் இப்படிப் பதிவு செய்து வாங்கியதற்கான ரசீதுகளை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். தெருமுனைக் கடையில் வாங்கிய ரசீது அதற்குச் செல்லாது. சிலருடைய வேலையிடக் காப்புறுதியும் இதை ஏற்கும், கேட்டுப் பாருங்கள்.

12. எல்லையைத் தாண்டாதீர்கள்

ஒரு துண்டு நெய்கூட கனடாவின் எல்லையைத் தாண்டக் கூடாது. பஃபலோ வரை ஒருநாள் பயணம் என்றாலும், நியூயோர்க் மாநிலத்தில் சட்டபூர்வம் என்றாலும், எல்லையில் செல்லுவது மத்திய சட்டம். கனடாவிலிருந்து கொண்டு போவதே தனிக் குற்றம். ஊருக்குப் போகிறவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருங்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. இலங்கையிலும் அப்படியே. பழைய பையின் ஓரத்தில் மறந்து கிடக்கும் எண்ணெய்ப் போத்தல்கூடச் சிறைக்கு அனுப்பும். கஞ்சாவுக்கென்று ஒதுக்கிய பொருள் எதையும் பயணப் பைக்குள் வைக்கும் பழக்கமே வேண்டாம்.

13. அளவு மீறிவிட்டால்

நெஞ்சு படபடப்பு, வாய் உலர்வு, பயம், வாந்தி, நேரம் நகரவில்லை என்ற உணர்வு ஆகியவை வயது வந்தவருக்குப் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். மங்கலான வெளிச்சத்தில் ஒருக்களித்துப் படுத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கட்டும். பக்கத்தில் ஒருவர் அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கட்டும். குளிக்க அனுப்பாதீர்கள், வழுக்கி விழுவார்கள். காப்பியோ மதுவோ கொடுக்காதீர்கள்.

நெஞ்சுவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத நிலை, மூச்சுத் திணறல், இல்லாதவற்றைக் காணுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் 911 அழையுங்கள்.

சாப்பிட்டது குழந்தை என்றால் அறிகுறி வரும்வரை காத்திருக்கவே கூடாது. தூங்குவதுபோல் தெரிந்தாலும் மூச்சு குறையலாம். குழந்தை சோர்ந்திருந்தால் உடனே 911. நன்றாக இருப்பதுபோல் தெரிந்தால் நச்சுத் தகவல் மையத்தை 1-844-764-7669 என்ற எண்ணில் அழையுங்கள். இரவும் பகலும் இலவசம். என்ன சாப்பிட்டது, ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். பயந்து பொய் சொன்னால் மருத்துவர்கள் காய்ச்சலா, மூளைக்காய்ச்சலா என்று தேடி அலைவார்கள். அந்த நேரத்தைக் குழந்தை இழக்கும். இந்த எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இன்றே எழுதி ஒட்டிவிடுங்கள், நெய்யை உருக்கத் தொடங்கும் முன்பே.